இராமேஸ்வரம் நகரில் ஐந்து சபைகள் சேர்ந்து நலப்பணி: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: ஓலைக்குடா

நகராட்சி எல்லைக்குள் ஒரு கத்தோலிக்கப் பங்கு (பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள சபை), ஒரு சி.எஸ்.ஐ. சேகரம் (தென்னிந்தியத் திருச்சபையில் அதே மாதிரியான பிரிவு), மூன்று பெந்தெகொஸ்தே சபைகள். ஐந்தும் சேர்ந்து வேலை செய்யலாம் என்று பங்குத்தந்தை, சேகர ஆயர், பாஸ்டர்கள் எல்லாரும் வாயளவில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அவரவர் தனித்தனியாகச் செய்வதால் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று மளிகைப் பை போகிறது, அடுத்த சந்துக்கு ஒன்றும் போவதில்லை.

கேள்விகள்: உடனே ஒரு அறக்கட்டளை பதிவு செய்ய வேண்டுமா? பயனாளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? மருத்துவ முகாம், குடிநோய் உதவி, புயல் நேரத்தில் எங்கள் கோயில் (தேவாலய) மண்டபத்தைத் திறந்துவிடுவது, இவற்றில் எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது? செய்து பார்த்தவர்கள் அளவோடும் கணக்கோடும் சொன்னால் நல்லது.

பதில் 1: வலைவாடி

பொறுப்பைத் தெரு வைத்துப் பிரியுங்கள், சபை உறுப்பினர் பட்டியல் வைத்துப் பிரிக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். "எங்க சபைக் குடும்பங்களை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஒரு பாஸ்டர் சொன்னால் கூட்டு வேலை அன்றோடு முடிந்தது. ஒரு சபைக்கு 120 வீடு என்று நகரின் வரைபடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் இந்து வீடு, இஸ்லாமியர் வீடு, வேறு சபைக்குப் போகிற வீடு எல்லாமே அந்தச் சபையின் பொறுப்பு. ஊர்க் கமிட்டியிடமும் ஜமாத்திடமும் கணக்கெடுப்புக்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் சந்தேகம் வரும், அதைத் துடைக்க வருஷம் பிடிக்கும்.

கணக்கெடுப்புக்கு இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். இருவரும் வெவ்வேறு சபை, ஒருவர் கட்டாயம் பெண். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம் வைத்தால் ஒரு மாலையில் 15 வீடு முடியும். 600 வீட்டுக்கு 40 மாலை. ஐந்து ஜோடி இறங்கினால் எட்டு நாள். எழுத வேண்டியது: கதவு எண், மின்னணுக் குடும்ப அட்டையின் கடைசி நான்கு இலக்கம், வீட்டில் எத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, 60 வயது தாண்டியவர், நெடுநாள் நோயாளி, பென்ஷன் வருகிறதா, கடல் தொழிலில் என்ன வேலை. இவ்வளவு போதும். மதம், சாதி கேட்கும் கட்டம் தாளில் இருக்கவே கூடாது. ஆதார் நகல் வாங்காதீர்கள். வாங்கிவிட்டு பீரோவில் போட்டு வைப்பது அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து, உங்களுக்கும் பொறுப்பு. குடும்ப அட்டை இல்லாத வீடுகளுக்குத் தெருப்பெயரோடு ஒரு வரிசை எண் கொடுங்கள். அட்டை இல்லை என்பதற்காக விட்டுவிட்டால் மிகவும் தேவை உள்ளவர்களே விட்டுப்போவார்கள்.

"கடல் தொழிலில் என்ன வேலை" என்ற கேள்வியைச் சுருக்கிவிட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக் குடும்பத்துக்கு அந்த மாதங்களில் வருமானம் கொஞ்சமாவது உண்டு. அவர்களுக்கு முடை வருவது வாடைக் காற்று அடிக்கும் நவம்பர், டிசம்பரில். எல்லாருக்கும் மே மாதத்தில் பை கொடுத்தால் பாதி உதவி தேவையில்லாத நேரத்தில் போகிறது. அதே போல அரசு நிவாரணம் பதிவு செய்த மீனவக் குடும்பத்துக்கு வரும். ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், வலை பின்னுகிறவர், கருவாடு போடுகிற பெண்கள், இவர்களுக்கும் படகு நின்றால் கூலி நின்றுபோகும், ஆனால் எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. கூட்டுப் பணி முதலில் பிடிக்க வேண்டிய வீடுகள் இவைதான். உங்கள் குழுவில் படகு உரிமையாளர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் இந்த வீடுகள் யார் கண்ணிலும் படாது.

பையில் அரிசி வைக்காதீர்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. நீங்கள் கொடுக்கும் 10 கிலோ அரிசி பல வீட்டில் கடைக்குத் திரும்பிப் போகும். துவரம் பருப்பு 2 கிலோ, சமையல் எண்ணெய் 1 லிட்டர், புளி அரை கிலோ, மிளகாய்த் தூள் 250 கிராம், சர்க்கரை 1 கிலோ, டீத்தூள் 250 கிராம், சோப்பு நான்கு, ஒரு பாக்கெட் நாப்கின். 150 வீட்டுக்குப் பருப்பு மட்டும் 300 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஆறு. எண்ணெய்ப் பாக்கெட்டைப் பைக்குள் போடாமல் கொடுக்கும் இடத்தில் கையில் கொடுங்கள். ஒன்று கிழிந்தால் அடுக்கில் இருக்கும் பத்துப் பை வீண். சர்க்கரையை முந்தின நாளே பிரித்துக் கட்டினால் உப்புக் காற்றில் கசிந்துவிடும், அதைக் கடைசியாகக் கட்டுங்கள்.

கொடுக்கும் நாளும் முக்கியம். தடை தொடங்கிய முதல் வாரத்தில் கையிருப்பு இருக்கும். விசைப்படகை நம்பிய வீடுகளுக்கு மே இரண்டாம் வாரம் ஒரு பை. ஜூன் முதல் வாரத்தில் பை வேண்டாம். நோட்டு, செருப்பு, புத்தகப் பை. பள்ளி திறக்கும்போது படகு இன்னும் கரையில்தான் நிற்கும். நகை அடகுக்குப் போவது அந்த வாரத்தில்தான்.

பையில் எந்தச் சபையின் பெயரும் வேண்டாம். ஜெபம், துண்டுப் பிரசுரம், போட்டோ எதுவும் பை கொடுக்கும் இடத்தில் வேண்டாம். நற்செய்தி சொல்வதற்கு நமக்கு வேறு நேரமும் வேறு இடமும் இருக்கிறது. பசியோடு வரிசையில் நிற்கிறவரிடம் அதைச் சொல்வது அவரைக் கட்டாயப்படுத்துவது.

பதில் 2: கணக்குப்பிள்ளை

முதல் வருஷம் பதிவு வேண்டாம். பணத்தையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். பொருளாகப் பங்கு பிரியுங்கள்: பருப்பு பங்குக் கோயில், எண்ணெய் சேகரம், மற்றவை மூன்று சபைகள். ஒவ்வொரு சபையும் தன் கணக்கிலிருந்து தானே கடைக்காரருக்குப் பணம் கொடுத்து, பில்லைத் தன் பெயரில் வாங்கி, நகலைக் குழுவுக்குத் தரட்டும். இதற்குக் காரணம் உண்டு. சேகரத்தின் பணம் அதற்கு மேலே உள்ள திருமண்டலத்தின் கணக்கு விதிக்கு உட்பட்டது, பங்கின் பணம் அதற்கு மேலே உள்ள மறைமாவட்டத்தின் விதிக்கு உட்பட்டது. இரண்டையும் ஒரு பொதுக் கணக்கில் போட அனுமதி வாங்குவதற்குள் தடைக்காலமே முடிந்துவிடும். பெந்தெகொஸ்தே போன்ற சுதந்திர சபைகளில் பாஸ்டர் பெயரிலேயே கணக்கு இருப்பதும் உண்டு. அங்கே பொதுப்பணம் நுழைந்தால் அது அவருடைய வருமானமா என்ற கேள்வி வரும்.

ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணைப் போட்டு நன்கொடை கேட்பதுதான் கூட்டு வேலை உடைவதற்கு அதிகம் கண்ட காரணம். தொகை சின்னதாக இருந்தாலும் செய்யாதீர்கள்.

ஒரு வருஷம் ஓடி, ஆட்கள் நிலைத்தார்கள் என்றால் பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பைலாவில் (சங்கத்தின் விதிகளில்) நான்கு விஷயத்தைத் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு சபைக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதி, உறுப்பினர் தொகை எவ்வளவாக இருந்தாலும். காசோலையில் இரண்டு கையெழுத்து, இரண்டும் வெவ்வேறு சபை. தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு சபை என்று சுழல வேண்டும். ஒரு சபை விலகினால் அது கொடுத்த பொருளும் பணமும் என்ன ஆகும் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்; பெரும்பாலான பைலாவில் இது இருக்காது, சண்டை வரும்போதுதான் தேடுவார்கள். வருஷா வருஷம் பொதுக்குழு, தணிக்கைக் கணக்கு, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல். தாக்கலைத் தொடர்ந்து விட்டுவிட்டால் பதிவு ரத்தாகும் நிலை வரும்.

நன்கொடையாளருக்கு 80ஜி வரிச்சலுகை வேண்டுமானால் நோக்கப் பகுதியில் "கிறிஸ்தவ மக்களின் நலனுக்காக" என்று எழுதவே கூடாது. ஒரு மதத்தவருக்கோ சாதிக்கோ மட்டும் என்று இருந்தால் 80ஜி கிடைக்காது. மேலே வலைவாடி சொன்ன தெருவாரி முறைக்கு இது சட்டப்படியும் பொருந்துகிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. ரசீது எழுதுகிறவருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் கடிதங்களில் நிஜமாகக் குழப்பும் ஒன்று: கத்தோலிக்கருக்கு "ஆயர்" என்றால் மறைமாவட்டத் தலைவர். சி.எஸ்.ஐ.யில் "ஆயர்" சேகரத்துக் குரு, திருமண்டலத் தலைவர் "பேராயர்". கூட்டுக் கடிதத்தில் வெறுமனே "ஆயர் ஒப்புதலுடன்" என்று எழுதினால் கலெக்டர் அலுவலகத்தில் ஒருவிதமாகவும் சபையில் இன்னொரு விதமாகவும் படிப்பார்கள். பதவியோடு சபையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓலைக்குடா: நன்றி. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்தை வாங்கலாமா?

கணக்குப்பிள்ளை: பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். வளைகுடாவில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமை இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, பிரான்ஸ் என்று குடியுரிமை மாறியவர் அனுப்பினால், அவர் இங்கே பிறந்தவரே ஆனாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. "அந்தச் சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கிறதே, அங்கே வாங்கி நமக்கு மாற்றிக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே முடியாது. சகோதர சபையின் பதிவுக்கே அது ஆபத்தாக முடியும்.

பதில் 3: மண்டபம் செவிலி

மருத்துவ முகாம் நடத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி: முகாமில் சர்க்கரை 300 என்று வந்தவர் அடுத்த மாதம் மாத்திரைக்கு எங்கே போவார்? ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், தீர்ந்த பிறகு "குணமாயிடுச்சு" என்று நிறுத்திவிடுவார். ஆகவே முகாமை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து மட்டும் நடத்துங்கள். பரிசோதித்து, பெயர் எழுதி, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் பட்டியலில் சேர்ப்பது வரை உங்கள் வேலை. மாத்திரை கொடுப்பது அவர்கள் வேலை. 2021 முதல் அந்தத் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் கடலுக்குப் போகிற ஆண்கள் களப்பணியாளர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை, பட்டியலில் விடுபட்டுப்போகிறார்கள்.

அதனால் நாளைப் பார்த்து வையுங்கள். விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற முறை உள்ள இடத்தில் முகாமை ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் வைத்தால் கூட்டம் வரும், ஆனால் ஐந்து சபை ஆட்களே வருவார்கள். வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வைத்தால் ஜும்ஆ முடிந்து இஸ்லாமியரும் வருவார்கள், அரசு ஊழியரும் பணியில் இருப்பார்கள். கோயிலுக்குள் வேண்டாம், பள்ளிக்கூடமோ நகராட்சிக் கட்டடமோ பாருங்கள்.

கண் முகாம் நல்ல தொடக்கம். மதுரை அரவிந்த் மாதிரி கண் மருத்துவமனைகள் முகாமுக்கு ஆளும் கருவியும் அனுப்பி, கண்புரை உள்ளவர்களை வண்டியில் கூட்டிப்போய் அறுவை செய்து திருப்பிக் கொண்டுவரும். இடம், விளம்பரம், குடிநீர், வரிசை ஒழுங்கு உங்கள் பக்கம். தவறுவது எங்கே என்றால், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாதவருக்கு அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். வந்த நாளில் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டி மறுபடி வரமாட்டார். முகாமுக்கு மூன்று வாரம் முன்பே உங்கள் 600 வீட்டுப் பட்டியலில் 60 தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, அழுத்தம் பார்த்து மாத்திரையைத் தொடங்கவைத்தால் அந்தத் திருப்பி அனுப்புதல் குறையும்.

குடிநோய் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். தினமும் அதிகம் குடிக்கிறவரைத் திடீரென்று நிறுத்தவைத்து உபவாச ஜெபத்துக்கு உட்காரவைக்காதீர்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வேர்வை, வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். பிதற்றலைப் பேய் என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. முதல் வாரம் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஜெபமும் நட்பும் ஆலோசனையும் பெரிய பலம். சபைகள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒரு அறையை வாரம் ஒரு மாலை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டத்துக்குத் திறந்துவிடுவது. பாஸ்டர் உள்ளே போகாமல் இருப்பதும் அந்த உதவியில் சேர்த்திதான். சுவரில் இரண்டு எண் ஒட்டுங்கள்: போதை மீட்பு உதவிக்கு 14446, மன நலத்துக்கு 14416.

தங்கவைத்துப் பார்க்கும் எதையும் தொடங்காதீர்கள். மன நலம் குன்றியவர் தங்குமிடம் என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் கீழும், குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் கீழும் பதிவு வேண்டும். நம் மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மன நோயாளிகள் தீயில் செத்தார்கள். "நாலு பேரை மட்டும் கோயில் வளாகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற நல்ல எண்ணத்தையும் அந்த நாளை நினைத்துத் தடுத்துவிடுங்கள்.

மாலை வகுப்பு நடத்தினால் ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். கதவு திறந்திருக்க வேண்டும். ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் சபைக்குள் விசாரித்துக்கொண்டிருக்காமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம்.

பதில் 4: தொண்டி வாசகர்

புயல் மண்டபம் பற்றி. வருவாய்த்துறையிடம் சொல்லாமல் திறக்காதீர்கள். செப்டம்பரிலேயே தாசில்தாரிடம் கடிதம் கொடுத்து முகாம் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிவாரணப் பொருள் வரும் வண்டி உங்கள் வாசலில் நிற்காது.

எத்தனை பேர் என்பதில்தான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நிவாரண முகாமுக்கு உலக அளவில் வைத்திருக்கும் அளவு ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர். 60 அடிக்கு 30 அடி மண்டபம் 1,800 சதுர அடி, கிட்டத்தட்ட 167 சதுர மீட்டர். 47 பேருக்குத்தான் இடம். ஒரு ராத்திரி உட்கார்ந்து கழிக்க அதைப்போல இரண்டு மடங்கு பேரை ஏற்றலாம், மூன்று நாள் தங்க முடியாது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை. கோயில் கழிப்பறை பெரும்பாலும் வளாகத்தின் மூலையில் இருக்கும். ராத்திரி பெண்கள் தண்ணீரில் நடந்து போக வேண்டியிருக்கும். அந்தப் பாதைக்கு விளக்கும் கயிறும் முதலில் போடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ், தகரம், ஓட்டுக் கூரை மண்டபம் வேண்டாம், கான்கிரீட் தளம் மட்டும். கடலோரக் கோயில் எவ்வளவு உறுதியானாலும் வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோனது காற்று மட்டும் இல்லை, கடலே உள்ளே ஏறியது. அங்கே இன்றும் நிற்கும் கோயில் இடிபாடு கல் சுவருக்கும் எல்லை உண்டு என்று காட்டுகிறது. ஐந்து சபைகளில் உள்ளே தள்ளி மேட்டில் இருக்கும் ஒன்றைத் தங்குமிடமாகவும், மற்ற நான்கையும் சமையல், சாமான் வைப்பு, ஆள் சேர்ப்பு என்றும் பிரியுங்கள். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வராந்தாவுக்குள் இழுக்க விடாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. 50 பேருக்கு 750 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி ஒன்று ஒரு நாளைக்குச் சரி. தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். போன வருஷ மூட்டையை நம்பாதீர்கள், கடற்காற்றில் வீரியம் போய்விடும். அளவு சரியாகப் போட்டும் குளோரின் காட்டவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஓலைக்குடா: சமையலுக்கு 100 பேருக்கு என்ன கணக்கு? எங்கள் பக்கம் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது.

தொண்டி வாசகர்: உழைக்கிற ஆட்கள் என்றால் அரிசி 15 கிலோ, துவரம் பருப்பு 3 கிலோ, காய் 8 கிலோ. முதல் ராத்திரி சோறு வேண்டாம், ரவை 8 கிலோவில் உப்புமா, சீக்கிரம் முடியும். சோறு வடித்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். பெரிய அண்டாவில் மூடி வைத்த சோறு நடுவில் வெதுவெதுப்பாகவே இருந்து கெடும், வாந்தி பேதி வருவது அங்கிருந்துதான்.

பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீர். நம் பக்கத்துக் கிணறு, போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பருப்பை வேகவிடாமல் இறுக்கிவிடும். பருப்பை ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரிக் குடிநீர் மட்டும் எடுங்கள், 3 கிலோவுக்கு இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்தால் போதும். புளி பருப்பு மசிந்த பிறகுதான். காய், பாத்திரம் கழுவ போர் தண்ணீரே போதும். அந்த இரண்டு குடத்தின் மேல் "பருப்புக்கு" என்று எழுதி வையுங்கள், இல்லையென்றால் யாராவது கை கழுவிவிடுவார்கள்.